பி.பி. 220: எப்போது ஊசி, எந்த மருந்து, எவ்வளவு வேகம்?

ரத்தக்குழாயை விரித்து அழுத்தத்தைக் குறைக்கும் ஊசி மருந்துகள் பற்றி செவிலியர்களும் பயிற்சி மருத்துவர்களும் நோயாளிகளின் வீட்டாரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில். அளவுகள் எல்லாம் பெரியவர்களுக்கானவை. மருத்துவர் எழுதிய ஆர்டரும் உங்கள் வார்டின் நெறிமுறையும் இருக்கும் இடத்தில் அவற்றையே பின்பற்றுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. மருந்துக்கடையில் சும்மா பார்த்ததில் பி.பி. 210/110. பதறிப்போய் கேஷுவாலிட்டிக்கு ஓடினோம். டியூட்டி டாக்டர் ஈசிஜி, ரத்தம், சிறுநீர் பார்த்துவிட்டு மாத்திரை கொடுத்து, மாலையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இத்தனை பி.பி.க்கு ஊசி போட்டுக் குறைத்திருக்க வேண்டாமா? (திருநெல்வேலி வாசகர்)

வேண்டாம். டாக்டர் செய்ததுதான் சரி. எண்ணை மட்டும் பார்த்து ஊசி போடுவதில்லை. அழுத்தம் 180/120-ஐத் தாண்டியிருக்க வேண்டும். அதோடு மூளை, இதயம், சிறுநீரகம், கண், பெருந்தமனி இவற்றில் ஏதாவது ஒன்று அந்த நேரத்தில் சேதப்பட்டுக்கொண்டும் இருக்க வேண்டும். அதுதான் அவசரநிலை. படுக்க முடியாமல் மூச்சு வாங்குவது, நெஞ்சுவலி, முதுகைக் கிழிப்பது போன்ற வலி, பேச்சில் குழப்பம், வலிப்பு, ஒரு பக்கம் கை கால் விழுவது, திடீரென்று பார்வை மங்குவது ஆகியவை அதன் அடையாளங்கள். உங்கள் அப்பாவிடம் இவை எதுவும் இல்லை, சோதனைகளும் சரி என்றால், அந்த 210 இன்று காலையில் வந்ததாக இருக்காது. மாதக்கணக்காகவோ வருடக்கணக்காகவோ இருந்திருக்கும்.

அழுத்தம் ஏறி இறங்கினாலும் தனக்கு வரும் ரத்தத்தின் அளவை மூளை ஒரே சீராக வைத்துக்கொள்ளும். சாதாரண ஆளுக்குச் சராசரி அழுத்தம் 60 முதல் 150 வரை இது நடக்கும். நாள்பட்ட ரத்த அழுத்தக்காரருக்கு இந்த எல்லை முழுதும் மேலே நகர்ந்திருக்கும். நமக்கு நல்ல அழுத்தமாகத் தெரிவது அவர் மூளைக்குப் பட்டினி. அரை மணியில் 210-ஐ 130 ஆக்கினால் பக்கவாதம் வரலாம், சிறுநீரகம் அடிபடலாம். ஒரு வாரத்துக்குள் மறுபடி காட்டுங்கள். வழக்கமான மாத்திரையை நடுவில் நிறுத்தியிருந்தாரா என்று விசாரியுங்கள். பெரும்பாலும் விஷயம் அங்கேதான் இருக்கும்.

கேள்வி: நிஃபெடிபின் என்ற பி.பி. மருந்தின் கேப்ஸ்யூலைக் குத்தி நாக்குக்கடியில் விடுவது இன்னும் சில இடங்களில் நடக்கிறது. ஊசியைவிட அது எளிதுதானே? (ராமநாதபுரம்)

விடாதீர்கள். எவ்வளவு குறையும், எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது, விட்ட பிறகு திரும்ப எடுக்கவும் முடியாது. மாரடைப்பும் பக்கவாதமும் வந்த சம்பவங்களைத் தொகுத்து, இதை நிறுத்தச் சொல்லி 1996-லேயே ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் கட்டுரை வந்துவிட்டது. கர்ப்பிணிகளுக்கு நிஃபெடிபின் கொடுப்பது வேறு கதை. அதைப் பற்றிக் கடைசிப் பகுதியில் சொல்கிறோம். அங்கேயும் விழுங்கத்தான் கொடுக்கிறோம்.

கேள்வி: எவ்வளவு நேரத்தில் எவ்வளவு குறைக்க வேண்டும்? சீனியர்கள் ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். (பயிற்சி மருத்துவர், தஞ்சாவூர்)

அவர்கள் வேறு வேறு நோயாளிகளை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார்கள். பொது விதி இது: முதல் ஒரு மணி நேரத்தில் 25 சதவீதத்துக்கு மேல் குறைக்காதீர்கள். அடுத்த 2 முதல் 6 மணி நேரத்தில் 160/100 அளவுக்குக் கொண்டுவாருங்கள். அதற்கும் கீழே போவதை 24 முதல் 48 மணி நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

230/130 என்று வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கீழ் அளவை இரண்டால் பெருக்கி, மேல் அளவைக் கூட்டி, மூன்றால் வகுத்தால் சராசரி 163. அதில் கால் பங்கைக் கழித்தால் 122. அதாவது முதல் மணி முடிவில் மானிட்டரில் 175/95 தெரிந்தால் போதும், மருந்தை அளந்து செலுத்தும் பம்பைக் கூட்டும் கையை எடுத்துவிடலாம். 175 இன்னும் அதிகம்தானே என்று மனம் உறுத்தும். உறுத்தட்டும்.

விதிவிலக்குகளில்தான் உங்கள் சீனியர்கள் பிரிகிறார்கள். பெருந்தமனிச் சுவர் கிழிந்திருந்தால் காத்திருக்க நேரமில்லை: மேல் அளவு 120-க்குள், நாடித்துடிப்பு 60-க்குள். ஆனால் இங்கே முதலில் போக வேண்டியது இதயத்துடிப்பை மட்டுப்படுத்தும் எஸ்மோலால் அல்லது லாபெட்டலால். குழாயை விரிக்கும் மருந்தை மட்டும் முதலில் விட்டால் இதயம் பதிலுக்கு வேகமாகவும் ஓங்கியும் அடிக்கும், ஒவ்வொரு அடியும் கிழிசலை இன்னும் நீட்டும். ரத்தக்கட்டியால் வந்த பக்கவாதத்தில் நிலைமை நேர் எதிர். கட்டியைக் கரைக்கும் ஊசி போடப்போவதில்லை என்றால் 220/120 வரை பெரும்பாலும் தொடுவதே இல்லை. போடுவதாக இருந்தால் ஊசிக்கு முன் 185/110-க்குக் கீழே, போட்ட பின் ஒரு நாள் முழுக்க 180/105-க்குக் கீழே. மூளைக்குள் ரத்தக்கசிவு என்றால் மேல் அளவு 140 பக்கம்.

கேள்வி: நைட்ரோப்ரஸைட் கலக்கும்போது ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒவ்வொரு விதமாகச் செய்கிறார்கள். சரியான முறையைப் படிப்படியாகச் சொல்லுங்கள். (ஐ.சி.யு. செவிலியர், கோவை)

நீங்கள் கேட்பது மருந்து அலமாரியிலேயே வேகமான ஒன்றைப் பற்றி. உள்ளே போன சில நொடிகளில் அழுத்தம் இறங்கத் தொடங்கும். நிறுத்தினால் 1 முதல் 10 நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அதனால் ஆர்ட்டீரியல் லைன் (தமனிக்குள் வைத்து அழுத்தத்தை இடைவிடாது காட்டும் குழாய்), பம்ப் இரண்டும் இல்லாமல் இதைத் தொடங்கக்கூடாது. கிளாம்ப் உருளையைத் திருகிச் சொட்டு எண்ணி விடுகிற மருந்து இல்லை இது.

ஒரு வயலில் (மருந்துக் குப்பியில்) 50 மி.கி. இருக்கும். 2 அல்லது 3 மி.லி. 5% டெக்ஸ்ட்ரோஸில் கரைத்து, 250 மி.லி. 5% டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலில் சேருங்கள். சலைனில் வேண்டாம். இப்போது ஒரு மி.லி.யில் 200 மைக்ரோகிராம். வயலில் இருப்பதை நேராக ஊசியில் ஏற்றிப் போடவே கூடாது. கலந்த உடனே பாட்டிலை அலுமினியத் தாளாலோ கறுப்பு உறையாலோ மூடுங்கள். வெளிச்சம் பட்டால் மருந்து உடையும். டிரிப் சேம்பரையும் ட்யூபையும் மூடித்தான் ஆக வேண்டும் என்றில்லை. புதிதாகக் கலந்ததில் லேசான பழுப்பு நிறம் இருப்பது இயல்பு. நீலம், பச்சை, அடர்சிவப்பு என்று எது தெரிந்தாலும் கொட்டிவிடுங்கள். மூடி வைத்தால் 24 மணி நேரம் வரை பயன்படுத்தலாம்; அதற்காகவே கலந்த நேரத்தை லேபிளில் எழுதி ஒட்டுகிறோம். அதே ட்யூபில் வேறு எந்த மருந்தும் சேரக்கூடாது.

தொடக்கம் கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.3 மைக்ரோகிராம். மேலே சொன்ன கலவைக்கு ஒரு சுருக்கு வழி உண்டு: எடை, டோஸ், 0.3 மூன்றையும் பெருக்கினால் மணிக்கு எத்தனை மி.லி. என்று வந்துவிடும். 60 கிலோ ஆளுக்கு 60 × 0.3 × 0.3, அதாவது மணிக்கு 5.4 மி.லி. டோஸ் 0.5 ஆனால் 9 மி.லி., 2 ஆனால் 36 மி.லி. கலவையின் அடர்த்தி மாறினால் இந்த 0.3-ம் மாறும். முந்தைய ஷிஃப்ட் 500 மி.லி.யில் கலந்துவிட்டுப் போயிருக்க, நீங்கள் 250 என்று நினைத்துக் கணக்குப் போட்டால் நோயாளிக்குப் பாதி மருந்துதான் போகும். மாறி நடந்தால் இரண்டு மடங்கு. பொறுப்பு மாற்றும்போது இருவரும் சேர்ந்து லேபிளைப் படித்து, பம்பில் உள்ள எண்ணைச் சரிபாருங்கள்.

சில நிமிடங்களுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். உச்ச அளவு 10 மைக்ரோகிராம்; அதுவும் 10 நிமிடத்துக்கு மேல் ஓடக்கூடாது. அந்த 10 நிமிடத்தில் அழுத்தம் இறங்கவில்லை என்றால் இந்த மருந்து இவருக்கு இல்லை, நிறுத்திவிடுங்கள்.

டிரான்ஸ்ட்யூசர், அதாவது ஆர்ட்டீரியல் லைனில் அழுத்தத்தை அளக்கும் கருவி, இருக்கும் உயரத்தையும் கவனியுங்கள். மார்பின் பக்கவாட்டில், நான்காம் விலா இடைவெளி உயரத்தில் அது இருக்க வேண்டும். 10 செ.மீ. கீழே தொங்கினால் மானிட்டர் 7 அல்லது 8 மி.மீ. அதிகமாகக் காட்டும். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்திவிட்டு டிரான்ஸ்ட்யூசரைச் சரிசெய்ய மறந்து, இல்லாத அழுத்தத்துக்கு மருந்தைக் கூட்டுவது அடிக்கடி நடக்கிற பிழை.

தலைக்குள் அழுத்தம் ஏறியிருக்கும் நோயாளிக்கு நைட்ரோப்ரஸைட் நல்லதல்ல; மூளைக் குழாய்களை விரித்து அந்த அழுத்தத்தை இன்னும் கூட்டும். அங்கே நிகார்டிபினோ லாபெட்டலாலோ மேல். நிகார்டிபின் மணிக்கு 5 மி.கி.யில் தொடங்கி, 5 முதல் 15 நிமிடத்துக்கு ஒருமுறை 2.5 கூட்டி, 15 வரை போகலாம். கை நரம்பில் ஓடினால் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை இடத்தை மாற்றாவிட்டால் நரம்பு வீங்கிச் சிவக்கும். இதய வால்வு கடுமையாகச் சுருங்கிய நோயாளிக்கு, அதாவது அயோர்டிக் ஸ்டெனோசிஸ் முற்றியவருக்கு, நிகார்டிபின் கூடாது.

கேள்வி: நுரையீரலில் நீர் கோத்து வந்தவருக்கு என்டிஜி (நைட்ரோகிளிசரின்) போட்டோம். முக்கால் மணி நேரம் ஒன்றுமே ஆகவில்லை. டாக்டர் மூன்று முறை கூட்டச் சொன்னார். பிறகு திடீரென்று 80/50. பம்ப் கெட்டதா, மருந்து கெட்டதா? (செவிலியர், சேலம்)

இரண்டும் கெட்டிருக்காது. கேனுலாவுக்கும் (கையில் செருகிய சிறு குழாய்) பம்புக்கும் நடுவில் இருந்த அரை மி.லி. இடத்தைப் பாருங்கள்.

நம் ஊரில் பரவலாக இருப்பது 5 மி.லி. ஆம்பூலில் 25 மி.கி. நைட்ரோகிளிசரின். வேறு அளவிலும் வருகிறது, ஆம்பூலைப் படித்துவிட்டு உடையுங்கள். 25 மி.கி.யை 50 மி.லி. சிரிஞ்சில் நிரப்பினால் ஒரு மி.லி.யில் 500 மைக்ரோகிராம். நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம் என்று தொடங்கினால் பம்பில் மணிக்கு 0.6 மி.லி. இப்போது த்ரீ வே (மூன்று வழித் திருகு), கேனுலா, சின்ன எக்ஸ்டென்ஷன் எல்லாம் சேர்ந்து அரை மி.லி. சலைன் ஏற்கனவே நிறைந்திருந்தால், மருந்து ரத்தத்தைத் தொடவே 50 நிமிடம் ஆகும். அதுவரை உள்ளே போனது வெறும் உப்புத் தண்ணீர். இடையில் நீங்கள் மூன்று முறை கூட்டிவிட்டீர்கள். மருந்து கேனுலா முனைக்கு வந்து சேர்ந்தபோது தொடக்க டோஸ் இல்லை, கூட்டிய டோஸ்தான் வந்து சேர்ந்தது.

தீர்வு எளிது. எக்ஸ்டென்ஷன் லைனின் நுனியில் மருந்துத் துளி தெரியும் வரை பம்பிலேயே பர்ஜ் செய்து, அதாவது லைனை மருந்தால் நிரப்பி, அதன் பிறகு நோயாளிக்கு இணையுங்கள். கையால் சிரிஞ்சைத் தள்ளி நிரப்பினால் பம்பின் பிடிக்கும் சிரிஞ்சின் தண்டுக்கும் நடுவில் இடைவெளி விழும். அந்த இடைவெளி மூடும் வரை பம்ப் ஓடும், மருந்து ஓடாது. கூடவே மணிக்கு 10 அல்லது 20 மி.லி. வேகத்தில் ஒரு டெக்ஸ்ட்ரோஸ் ஓட்டத்தை அதே கேனுலாவில் விட்டால் மருந்தை உடனுக்குடன் அடித்துச் செல்லும். அந்த ஓட்டத்தின் வேகத்தை மட்டும் யாரும் தொடக்கூடாது. தொட்டால் வழியில் கிடக்கிற மருந்து மொத்தமாக உள்ளே பாயும்.

இதே காரணத்தால்தான் அந்தக் கேனுலாவில் ஃப்ரூஸ்மைடு, ஆன்டிபயாட்டிக் என்று எதையும் தள்ளக்கூடாது என்கிறோம். ட்யூபில் ஒரு மி.லி. என்டிஜி நிற்கிறது என்றால் அது 500 மைக்ரோகிராம். நிமிடத்துக்கு 10 மைக்ரோகிராம் ஓடும் நோயாளிக்கு 50 நிமிட மருந்து, ஐந்து நொடியில். மறு கையில் இன்னொரு கேனுலா போட்டுக்கொள்ளுங்கள். பி.பி. கஃப்பும் மருந்து ஓடாத கையில்தான். மருந்துக் கையில் கட்டினால் கஃப் இறுகும்போது ஓட்டம் தடைபட்டுத் தேங்கும், தளரும்போது தேங்கியது மொத்தமாகப் போகும். ஓடிக்கொண்டிருக்கும் சிரிஞ்ச் பம்பைக் கட்டிலுக்கு மேலே தூக்கி மாட்டினாலும் கொஞ்சம் மருந்து கூடுதலாகப் போய்விடும். நோயாளியை வேறு இடத்துக்கு மாற்றும்போது இதை யாரும் நினைப்பதில்லை.

டோஸ் 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை 5 மைக்ரோகிராம் கூட்டி 20 வரை. பிறகு 10, 20 என்று கூட்டலாம். 200 உச்சம். சாதாரண பி.வி.சி. ட்யூபின் சுவர் நைட்ரோகிளிசரினைக் கணிசமாக உறிஞ்சும். ட்யூப் வகையை நடுவில் மாற்றினால் அதே எண்ணில் வேறு டோஸ் போகும் என்பதை நினைவில் வையுங்கள். அழுத்தம் விழுந்தால் பம்பை நிறுத்தி, காலை உயர்த்துங்கள்; சில நிமிடத்தில் மீளும். ட்யூபில் மீதி நிற்கும் மருந்தை ஃப்ளஷ் செய்து உள்ளே தள்ளிவிடாதீர்கள், த்ரீ வேயை மூடிக் கழற்றி எடுங்கள்.

கேள்வி: ஆண் நோயாளிகளிடம் வயாகரா சாப்பிட்டீர்களா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கேட்டுத்தான் ஆக வேண்டுமா? (செவிலியர், வேலூர்)

கேட்டே ஆக வேண்டும். சில்டெனாஃபில் (வயாகரா) சாப்பிட்டு 24 மணி நேரமும், அதே வகையான டடலாஃபில் என்றால் 48 மணி நேரமும் என்டிஜி கூடாது. இரண்டும் ஒரே வழியில் குழாயை விரிக்கின்றன, சேர்ந்தால் அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போகும். மனைவி, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள், பதில் வரும். பெண்களிடமும் கேளுங்கள், நுரையீரல் ரத்த அழுத்தத்துக்கும் இதே மாத்திரைகள்தான். வெடிமருந்தில் இருக்கும் அதே நைட்ரோகிளிசரின்தான் இது. டைனமைட் செய்து பணம் சேர்த்த ஆல்ஃபிரட் நோபலுக்கே 1896-ல் இதய நோய்க்கு இதைத்தான் எழுதிக்கொடுத்தார்கள். இது நைட்ரிக் ஆக்ஸைடு வழியாக வேலை செய்கிறது என்பதைத் திறந்து காட்டிய ஆராய்ச்சிக்கு 1998-ல் பரிசு கிடைத்தது, அதே நோபலின் பெயரில்.

கேள்வி: நைட்ரோப்ரஸைட் இரண்டாம் நாள் ஓடுகிறது. நேற்று 1 மைக்ரோகிராமில் அடங்கிய அழுத்தம் இன்று 4-க்கும் அடங்கவில்லை. ஆக்ஸிஜன் 99. சயனைடு என்கிறார்கள், எப்படி நம்புவது? (மருத்துவர், நாகர்கோவில்)

நம்புங்கள். நைட்ரோப்ரஸைட் மூலக்கூறு ஒன்றில் ஐந்து சயனைடு இருக்கிறது. கல்லீரல் அதை உடம்பில் உள்ள தயோசல்ஃபேட்டோடு சேர்த்துத் தயோசயனேட்டாக்கும், சிறுநீரகம் வெளியேற்றும். கிலோவுக்கு நிமிடத்துக்கு 2 மைக்ரோகிராமைத் தாண்டிய வேகத்தில் மொத்தம் கிலோவுக்கு 500 மைக்ரோகிராம் போய்விட்டால், வருகிற சயனைடுக்கு உடம்பால் ஈடுகொடுக்க முடியாது. கையிருப்பில் தயோசல்ஃபேட் தீர்ந்துவிடும். நீங்கள் கொடுக்கிற 4 மைக்ரோகிராமில் இந்த எல்லையை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் தொட்டுவிடலாம்.

மருந்து வேலை செய்யாமல் போவதே முதல் எச்சரிக்கை. அதைப் பார்த்து மேலும் கூட்டுவதுதான் பெரிய தப்பு. இப்போதே ரத்த வாயுப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அமிலத்தன்மை, லாக்டேட் ஏற்றம், மூச்சுத் திணறல், குழப்பம், சிரை ரத்தமும் தமனி ரத்தம்போல் பளீர்ச் சிவப்பாக இருப்பது ஆகியவற்றைத் தேடுங்கள். ஆக்ஸிஜன் அளவு 99 என்பது ஆறுதல் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் இருக்கிறது, செல்லால் அதைப் பயன்படுத்த முடியவில்லை. விரலில் மாட்டும் கருவிக்கு அது தெரியாது. சயனைடு அளவு லேபிலிருந்து வரும் வரை காத்திருக்காதீர்கள்.

மருந்தை நிறுத்தி வேறு மருந்துக்கு மாறுங்கள், 100 சதவீத ஆக்ஸிஜன் கொடுங்கள். சோடியம் தயோசல்ஃபேட் 12.5 கிராம், அதாவது 25% கரைசலில் 50 மி.லி., சிரை வழியாக மெதுவாக. ஹைட்ராக்ஸோகோபாலமின் இருந்தால் 5 கிராம், 15 நிமிடத்தில், தனி லைனில். சோடியம் நைட்ரைட்டும் சயனைடை முறிக்கும் மருந்துதான், ஆனால் அதுவே அழுத்தத்தைக் குறைக்கும். தயோசல்ஃபேட் எங்கே இருக்கிறது என்று நைட்ரோப்ரஸைட் தொடங்குவதற்கு முன்பே ஃபார்மசியில் கேட்டு வையுங்கள்.

சிறுநீரகம் கெட்டவருக்குப் பிரச்சினை சற்று வேறு: தயோசயனேட் தேங்கும். காதில் ஓசை, கண்பாவை சுருங்குவது, தசைத் துள்ளல் என்று வரும்.

கேள்வி: பிரசவ வார்டில் 170/115 வந்தால் எதை எடுப்பது? (செவிலியர், விழுப்புரம்)

15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் மேல் அளவு 160 அல்லது அதற்கு மேலோ, கீழ் அளவு 110 அல்லது அதற்கு மேலோ, இரண்டில் ஒன்று இருந்தாலும் 30 முதல் 60 நிமிடத்துக்குள் முதல் டோஸ் போயிருக்க வேண்டும். லாபெட்டலால் 20 மி.கி.யை இரண்டு நிமிடம் எடுத்துப் போடுங்கள்; அடங்காவிட்டால் 10 நிமிட இடைவெளியில் 40, பிறகு 80. ஆஸ்துமா இருந்தாலும், நாடி மிக மெதுவாக இருந்தாலும், இதயம் திணறிக்கொண்டிருந்தாலும் லாபெட்டலால் வேண்டாம்.

ஹைட்ரலசின் என்றால் 5 மி.கி., மெதுவாக. வேலை செய்ய 10 முதல் 20 நிமிடம் எடுக்கும், பிறகு மணிக்கணக்கில் நீடிக்கும். ஐந்தாவது நிமிடத்தில் பொறுமை இழந்து அடுத்த ஊசி போட்டால், இரண்டும் ஒன்றாக ஏறி அழுத்தம் விழுந்து, நஞ்சுக்கொடிக்கு ரத்தம் குறைந்து, குழந்தையின் இதயத்துடிப்பு சரியும். 20 நிமிடம் விட்டு 5 அல்லது 10 மி.கி.; மொத்தம் 20-க்கு மேல் வேண்டாம். ஊசி கைவசம் இல்லாவிட்டால் நிஃபெடிபின் 10 மி.கி. விழுங்க, 20 நிமிடம் கழித்து 20 மி.கி. இலக்கு 140–150 மேல், 90–100 கீழ். மக்னீசியம் சல்ஃபேட் வலிப்பைத் தடுக்க, பி.பி.க்கு அல்ல, ஒன்றைக் கொடுத்ததால் மற்றதை விட்டுவிடாதீர்கள். நைட்ரோப்ரஸைட் இங்கே கடைசிப் புகல்தான், சயனைடு குழந்தைக்கும் போகும்.

கேள்வி: அழுத்தம் அடங்கிவிட்டது. பம்பை எப்போது நிறுத்தலாம்? (சேலத்திலிருந்து அதே செவிலியர்)

மாத்திரை உள்ளே போய் வேலை தொடங்கிய பிறகு. ஓட்டத்தைக் குறைக்க 1 முதல் 2 மணி நேரம் முன்பே முதல் மாத்திரை கொடுத்திருக்க வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் 10, 15 நிமிடம் அழுத்தம் நிற்கிறதா என்று பாருங்கள்.

அதுவரை நடுவில் சிரிஞ்ச் தீர்ந்துபோவது இன்னொரு ஆபத்து. கடைசி 5 மி.லி. இருக்கும்போதே அடுத்ததைக் கலந்து, இரண்டாவது பம்பில் மாட்டி, பர்ஜ் செய்து தயாராக வையுங்கள். இரண்டு நிமிட இடைவெளியிலேயே நைட்ரோப்ரஸைட் நோயாளிக்கு 220 திரும்பி வந்துவிடும்.